பட்டி நாய்க்கு நான் கற்றுக்கொடுத்தவை

முப்பத்துமூன்று வருஷம் ரெவின்யூ இலாகாவில் இருந்தேன். காரியம் ஆகக் கொடுத்ததை வாங்காத ஜீவன் என்று அத்தனை வருஷத்தில் நான் கண்டது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நாய். அதையும் வாங்கப் பழக்கியவன் நான்.

தருமபுரி அப்போது தனி மாவட்டம் அல்ல. சேலம் ஜில்லாவின் வடக்கு மூலை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காரிமங்கலத்துக்கு மூன்று மைல் தள்ளி ஒரு கிராமத்தில் என்னை ரெவின்யூ இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். இருபத்தைந்து வயது, பி.ஏ. பட்டம், கல்யாணம் ஆகவில்லை. இலாகாவின் நிலையாணைகள் எல்லாம் மனப்பாடம். கணக்கில் ஒரு கோடு கோணலாக இருந்தால் அதை எழுதிய கர்ணத்தை அரை நாள் நிற்கவைப்பேன். ஊரில் என்னைக் கண்டு எழுந்து நிற்காதவர் கிடையாது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்க்கோடியில் எனக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்திருந்தார்கள். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே முள்வேலி. வேலிக்கு அப்பால் ஓர் ஆட்டுப் பட்டி. குறும்பாடு வளர்க்கும் ஒரு தம்பதியின் பட்டி அது. வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள், வெளியாரிடம் தமிழ். புருஷன் விடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கடலைக்காட்டில் கூலி வேலைக்குப் போய்ப் பொழுது சாயத்தான் திரும்புவாள். அவளுடைய தம்பியும் அவர்களோடு இருந்தான். இருபது வயது; கிடைத்த வேலைக்குப் போவான். பகலில் பட்டியில் சினையாடுகளும் குட்டிகளும் மட்டும் இருக்கும். அவற்றுக்குக் காவல் அந்த நாய்.

ஓசூர்ப் பக்கம் யாரோ ஒரு துரை வீட்டு நாய் போட்ட குட்டி அது. தம்பிக்காரன் கம்பளியில் சுற்றி நடந்தே கொண்டுவந்தானாம். செம்பழுப்பு நிறம். நின்றால் முதுகு என் இடுப்புக்கு வரும். பெயர் கிடையாது. நாக்கைத் தட்டி ஓர் ஓசை எழுப்பினால் வரும், அதுவும் அவர்கள் மூவரும் எழுப்பினால்.

என் வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் தடம் அந்த வேலியை ஒட்டியது. முதல் வாரம் நான் கிணற்றுப் பக்கமே போகவில்லை. தலையாரி தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தான். ஐயாவுக்குச் சளி என்று அவனாகவே ஊரில் சொல்லிவிட்டான். கீழ்ச்சிப்பந்தி மேலதிகாரிக்காகச் சொல்லும் பொய் எப்போதும் கேட்காமலே வரும்.

இரண்டாவது வாரம் சமாதானம் பேசிப் பார்த்தேன். வேலிக்கு மேலாக ஒரு தோசையைப் போட்டேன். நாய் அதை முகரக்கூட இல்லை. மறுநாள் வெல்லம், அதற்கு மறுநாள் பொட்டுக்கடலை. எல்லாம் எறும்பு மொய்த்துக் கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது. தாலுகாக் கச்சேரியில் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளிய ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு நாய் தள்ளுகிறது.

ஒரு மாலை அந்த அம்மாளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அது வாங்காதுங்க சாமி. எங்க மூணு பேரு கையத் தவுத்து ஆரு கையிலும் தின்னாது. அப்பிடிப் பழக்கியிருக்கு."

எப்படிப் பழக்குவது என்றும் சொன்னாள். குட்டிக்கு நாலு மாதம் ஆனதும் சந்தைக்குக் கூட்டிப்போவார்கள். கேழ்வரகுக் களியை உருட்டி, நடுவில் காய்ந்த மிளகாயை அரைத்து வைத்து, மேலே வெல்லம் தடவி, முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுத்து நாய்க்கு நீட்டச் சொல்வார்கள். பத்து வேற்றாள் கையில் பத்துத் தடவை வாய் வெந்தால், அதன்பிறகு ராஜாவே நீட்டினாலும் வாங்காது. ஆடு திருடுகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. முதலில் நாய்க்குத்தான் எதையாவது போடுவான். அதனால் இந்த ஏற்பாடு. இந்த நாய்க்கு அதைச் செய்தவன் தம்பி. அன்று குட்டி அழுத அழுகைக்கு அவனும் சாப்பிடவில்லை என்றாள்.

நான் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் என்மேல் ஒரு கண் வைத்திருப்பாள்.

தருமபுரி டிராவலர்ஸ் பங்களா அலமாரியில் எந்தத் துரையோ விட்டுப்போன ஒரு சிறிய இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. நாய்களைப் பழக்குவது பற்றியது. அடிக்காதே, அதட்டாதே, தினமும் ஒரே நேரத்தில் செய், செய்ததும் உடனே ஒரு சிறு துண்டு கொடு, அவசரப்படாதே. சாரம் இவ்வளவுதான். அதை எடுத்து வந்தேன். பங்களா ரிஜிஸ்டரில் பதியாமல் நான் வெளியே கொண்டுவந்த ஒரே பொருள் அது.

புத்தகம் இறைச்சித் துண்டு என்றது. எங்கள் குடும்பத்தில் முட்டைகூட வாசல் தாண்டியதில்லை. தலையாரியிடம் எலிக்கு வைக்க வேண்டும் என்று சொல்லிக் காரிமங்கலம் சந்தையில் கருவாடு வாங்கிவரச் செய்தேன். பத்திரமாக வைக்க வீட்டில் பூட்டுள்ள பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதில் கிராமக் கணக்குகளும் இருந்தன. அந்த மாதம் கணக்குகளைப் பார்வையிட்ட தாசில்தார் ஒரு தாளை மூக்கருகே கொண்டுபோய், "இது எந்தச் சமுத்திரக்கரை கிராமமய்யா?" என்று கேட்டார். கச்சேரி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பதினேழு நாள் வேலியருகே உட்கார்ந்து கையை நீட்டியபடி இருந்தேன். நடுப்பகலில், ஊர் காட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில். முதல் நாட்களில் உறுமியது. பிறகு உறுமாமல் நின்றது. பிறகு உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் ஏரிப்பக்கம் பார்த்தது. பதினெட்டாம் நாள், வேலி இடுக்கில் மூக்கை விட்டு, என் விரலில் பல் படாமல் அந்தத் துண்டை எடுத்தது. எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய், மிளகாய் எரியப்போகிறது என்று காத்திருப்பதுபோல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றது. எரியவில்லை. அது திரும்பி வந்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என் உத்தியோகத்தில் வேறு எதுவும் கொடுத்ததில்லை. இதை எழுதத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

அதன்பிறகு எல்லாம் சுலபம். துண்டை மூக்குக்கு மேலே தூக்கிப் பின்னால் நகர்த்தினால் தானாக உட்காரும், உட்கார்ந்ததும் கொடுப்பேன். ஒரு வாரத்தில் நீட்டிய கையைக் கண்டாலே உட்கார்ந்தது. பிறகு உள்ளங்கையில் வலது கால் வைக்கப் பழக்கினேன். பிறகு இடது. அந்தப் பாதத்தின் கனம் இன்றும் என் கையில் இருக்கிறது. ஈரமண் ஒட்டிய, சூடான கனம். மூன்று மாதத்தில் வேலியில் ஓர் ஆள் கைவிடும் அளவுக்குத் திறப்பு உண்டாகியிருந்தது. முள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கியவன் நான். பிறர் நிலத்து வேலியைக் கலைப்பது என்ன குற்றம் என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

ஒரு சந்தை நாள். புருஷன் மேய்ச்சலுக்குப் போய்விட்டான், அவள் சந்தைக்குப் போய்விட்டாள். தம்பிக்குக் காய்ச்சல், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தானாம். நான் ஜன்னலருகே கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பட்டிக்கு இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஒருவன் காதில் பென்சில் செருகியிருந்தான். ஆட்டு வியாபாரிகள் என்று நினைத்தேன். நாய் எழுந்து முடியைச் சிலிர்த்தது. பென்சில்காரன் மடியிலிருந்து எதையோ எடுத்துக் கையை நீட்டினான்.

நாய் உட்கார்ந்தது.

என்னைத் தவிர இன்னொருவருக்கு அது கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை. பழக்கம் முழுமை அடைந்துவிட்டது என்பதற்குப் புத்தகத்தில் சொன்ன அடையாளமே அது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகச் சொன்னேன்:

"கையை அப்படியே வையுங்க. கை கொடுக்கும்."

கொடுத்தது.

"அந்தக் கையும் கொடுக்கும். கேட்டுப் பாருங்க."

அதையும் கொடுத்தது. பென்சில்காரன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்ல நாயிங்க. ஐயா வூட்டு நாயிங்களா?"

"வளர்ப்பு அவங்களுது," என்றேன். "பழக்கினது நான்."

சில வாரங்கள் வரை அந்த உண்மையை நான் சொல்லியிருந்தது அந்த ஓர் ஆளிடம்தான். அவர்கள் பட்டியின் படலைத் திறந்து சினையாடுகள் பதினொன்றையும் வெளியே ஓட்டினார்கள். நாய் வாலை ஆட்டியபடி அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆடு விலைபோய்விட்டது போலும் என்று நினைத்துக் கணக்குக்குத் திரும்பினேன். நாய் சும்மா இருந்ததே எனக்குப் போதுமான அத்தாட்சியாக இருந்தது.

பொழுது சாயும்போது அந்த அம்மாளின் குரல் கேட்டது. அது அழுகை அல்ல. ஒவ்வோர் ஆட்டையும் அதனதன் அடையாளத்தைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் ஹெட் கான்ஸ்டபிள் வந்தார். பக்கத்து வீடு என்பதால் என்னிடம் வாக்குமூலம் கேட்டார். நாற்காலியில் உட்காரக்கூட மாட்டேன் என்று நின்றுகொண்டே கேட்டார். அவருக்குச் சிரமம் வைக்காமல் நானே எழுதிக்கொடுத்தேன். மூன்று வாக்கியம். பின்பக்க ஜன்னல் சாத்தியிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நாய் குரைக்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. முதல் இரண்டும் பொய், மூன்றாவது உண்மை. தீங்கு செய்தது மூன்றாவது. நாய் குரைக்கவில்லை என்றால் வந்தவன் நாய்க்குத் தெரிந்தவன். அது அறிந்தது மூன்று கை. புருஷன் மேய்ச்சலில், மனைவி சந்தையில். மிச்சம் தம்பி. இந்தக் கணக்கைப் போட ஊருக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

அன்று மாலை மாரியம்மன் கோயில் முன் ஊர் கூடியது. மணியக்காரர் வந்து என்னையும் கூட்டிப்போய் நாற்காலி போட்டார். தம்பி காய்ச்சல் முகத்தோடு நடுவில் நின்றான். அவன் அழவில்லை, காலிலும் விழவில்லை. தெளிவாக ஒரு காரியம் கேட்டான்.

"நாயக் கூட்டியாங்க. இங்க இருக்கறவங்க எல்லாரும் கையில ஒரு உருண்டை களிய வெச்சு நீட்டுங்க. என் கையத் தவுத்து இன்னொரு கையில அது தின்னுச்சுன்னா, ஆரோ அதக் கெடுத்திருக்காங்கன்னு அர்த்தம். தின்னலன்னா நான்தான் எடுத்தேன்னு வெச்சுக்கங்க."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. ஒருவன் நாயைக் கூட்டிவர எழுந்தே விட்டான். அந்த நாய் வந்தால் நீட்டுகிற முதல் கையில் தின்னும். அவன் தப்பிப்பான். ஆனால் அதற்கு முன்பே, கூட்டத்தைத் தாண்டி நேராக என் நாற்காலிக்கு வந்து, உட்கார்ந்து, கை கொடுக்கும்.

மணியக்காரர் என் பக்கம் திரும்பி, ஐயா என்ன சொல்றீங்க என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். மிருகத்தின் நடத்தை சாட்சியம் ஆகாது என்றேன். புகார் போலீஸ் விசாரணையில் இருக்கும்போது கிராமத்தார் தனியாகச் சோதனை நடத்துவது விசாரணையில் தலையிடுவது என்றேன். மீறி நடத்தினால் நான் மேலே ரிப்போர்ட் செய்ய வேண்டியிருக்கும், மணியக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. சட்டப்படி அதில் தவறும் இல்லை. எழுந்தவன் உட்கார்ந்தான்.

தம்பி என்னைப் பார்த்தான். சந்தேகப்பட்டு அல்ல. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்த்தான். பிறகு அக்காளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவன் மொரப்பூருக்கு நடந்துபோய் ரயிலேறினான். சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடினதே அத்தாட்சி என்று ஊர் சொன்னது. கேஸ் துப்புத் துலங்காதது என்று மூடப்பட்டது.

நான் ஜன்னலைச் சாத்தினேன். ஆனால் நாய்க்கு அது தெரியாது. தினமும் நடுப்பகலில் வேலித் திறப்புக்கு வந்து உட்கார்ந்தது. ஜன்னலின் தகரக் கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பேன். சிறிது நேரம் காத்திருக்கும். பிறகு வலது காலைத் தூக்கும். பிறகு இடது காலை. பொறுமையை என்னிடம்தான் கற்றது.

ஒரு நாள் தாங்காமல் கதவைக் கொஞ்சம் திறந்தேன். கையில் ஒன்றும் இல்லை, சும்மா நீட்டினேன். அது பாதத்தை வைத்தது. நிமிர்ந்து பார்த்தபோது அந்த அம்மாள் தலைச்சுமையோடு படலருகே நின்றிருந்தாள். அன்று அவளுக்கு அரை நாள் வேலை.

சுமையை இறக்கி வைத்தாள். வேலியின் திறப்பைப் பார்த்தாள்.

"எப்பத்துலேர்ந்துங்க சாமி?"

"நாலு மாசம்."

"கோயில்ல கேட்டப்ப இது தெரியுங்களா?"

தெரியும் என்றேன். அவள் வேலியருகே வந்தாள். நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது. கூச்சல் போடுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் அதற்குள் மனதில் எழுதி முடித்துவிட்டேன். அவள் கேட்டது வேறு.

"உங்களக் காட்டிக்குடுத்து எனக்கு என்னங்க ஆவப்போவுது. ஆடு திரும்பாது. தம்பி திரும்பணும். அன்னிக்கி நான் தலை குனிஞ்சத அவன் வேற மாதிரி எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுத உட்கார்ந்தேன். நாய் இப்போது யார் கையிலும் தின்கிறது, பக்கத்து வீட்டு ஐயா பழக்கிவிட்டார், நீ எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், வா. அவ்வளவுதான் அவள் சொன்னது. பட்டாளக் கடிதங்களைத் தணிக்கை செய்வார்கள், அதிகாரிகள் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பேனா தானாக விலகியது என்று எழுத ஆசைதான். பேனா அப்படிச் செய்யாது. நான் எழுதியது இது: 'நாய்க்கு வயதாகிவிட்டபடியால் தற்சமயம் யார் கொடுத்தாலும் தின்கிறது. உன் பேரில் எங்களுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. ஊருக்கு வரவும்.' படித்துக் காட்டச் சொன்னாள். தாளைப் பார்த்தபடி அவள் சொன்னதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஐயா என்ற இடத்தில் குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூட இருந்த சிப்பாய் யாரோ எழுதிக் கொடுத்திருந்தான். அவள் அதைப் பிரிக்காமல் என் வாசலுக்குக் கொண்டுவந்தாள். பிரித்ததும் தாளின் கடைசி வரியில் விரலை வைத்து, "இது வரைக்கும் படிங்க" என்றாள்.

படித்தேன். நலம் விசாரித்த பிறகு இப்படி இருந்தது: 'நாய்க்கு வயசாயிட்டுதுன்னு எழுதியிருக்கே அக்கா. அத நான் கம்பளியில தூக்கியாந்து மூணு வருசம்தான் ஆவுது. மூணு வருச நாயிக்கு என்ன வயசு. எனக்கு மனசு ஆறட்டும்னு நீ சும்மா ஒண்ணு எழுதியிருக்கே. அப்ப நான் எடுத்தேன்னுதான் நீயும் நினைக்கிறே. நான் இனி வரல. சம்பளத்துல மாசாமாசம் அனுப்பறேன். பதினோரு ஆட்டுக்கும் ஆயிடும்.'

கடைசி வரி வரை படித்தேன். விரல் அங்கே இருந்தது.

அவள் விரலை எடுத்தாள். பிறகு, "அப்ப நான் சொன்னத நீங்க எழுதல" என்றாள்.

"எழுதல."

"இப்ப எழுதுங்க."

எழுதினேன். நாயைப் பழக்கியது, சந்தை நாளில் ஜன்னலில் நின்று பார்த்தது, திருடனிடம் பேசியது, கோயில் முன்பு தடுத்தது, முந்தின கடிதத்தில் பொய் எழுதியது, எல்லாம். கீழே பெயரும் உத்தியோகமும் போட்டுக் கையொப்பம் இட்டேன். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தபாலில் போடவில்லை. இரண்டு மைல் தள்ளியிருந்த கிறிஸ்தவ ஊருக்குப் போய், அங்கே கோயில் உபதேசியாரிடம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுநாள்தான் போட்டாள். எழுதியவனே சரிபார்க்கக் கூடாது என்று எங்கள் இலாகாவில் விதி உண்டு. எத்தனையோ கர்ணங்களுக்கு நான் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

கடிதம் போன பிறகு ஒரு நடுப்பகலில் அவள் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். களி உருண்டைகள், மேலே வெல்லம் மினுங்கியது. உள்ளே என்ன இருந்தது என்று அவள் சொல்லவில்லை.

"வேத்தாளு கையில மறுபடியும் பழக்கணுங்க. நாயிக்கு உங்க கைமேலதான் நம்பிக்கை. அதனால நீங்கதான் வெக்கணும்."

வைத்தேன். முதல் நாள் அது ஒரே வாயில் விழுங்கிவிட்டது. பிறகு முகத்தை மண்ணில் தேய்த்தது, சுற்றிச் சுற்றி ஓடியது, தொட்டித் தண்ணீர் முழுவதையும் குடித்தது. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தது. கோபம் இல்லை. ஏதோ தவறாகச் செய்துவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே வலது காலைத் தூக்கியது. அதை நான் வாங்கவில்லை. இடது காலைத் தூக்கியது. மறுபடி வலது. தெரிந்த எல்லாவற்றையும் செய்துகாட்டியது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். மிளகாய் என்று தெரிந்த பிறகும், நான் நீட்டினேன் என்பதற்காக வாங்கியது. அவள் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஆறாம் நாள் முகர்ந்துவிட்டுத் தயங்கித் தின்றது. ஒன்பதாம் நாள் வாயில் வாங்கி உடனே கீழே போட்டது. பத்தாம் நாள் என் கை வேலிக்குள் போனதும் உறுமியது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "போதுங்க" என்றாள். வேலித் திறப்பில் புதிதாக வெட்டிய முள்ளை வைத்து அடைத்தாள்.

தம்பி ஆறேழு மாதம் கழித்து லீவில் வந்தான். வருகிறான் என்று தலையாரி முதல் நாளே சொன்னான். நான் அந்த வாரம் முழுவதும் வேறு கிராமங்களில் முகாம் போட்டுக்கொண்டேன். முகாம் நிரலைத் திருத்த எனக்கு அதிகாரம் இருந்தது. திரும்பியபோது அவன் போயிருந்தான். என் கடிதத்தை அவன் கையோடு கொண்டுவந்து, கோயில் முன்பு மணியக்காரரை விட்டு உரக்கப் படிக்கச் செய்தானாம். என் பெயரும் உத்தியோகமும் வரை படித்தார்களாம். அக்காளும் தம்பியும் ஒரு தட்டில் சாப்பிட்டார்களாம்.

ஊரில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே யாரும் பெட்டிஷன் போடவில்லை. மணியக்காரர் முன்போலவே நாற்காலி போட்டார். நான் தெருவில் நடந்தால் முன்போலவே எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுந்து நின்றபோதெல்லாம் எனக்கு உட்காரத் தோன்றியது. அடுத்த ஜமாபந்தியில் என் வேலை திருப்திகரம் என்று குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்பு என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது. ஆடுகள் பதினொன்றும் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அவற்றுக்கு ஈடாக நான் கொடுக்க முன்வந்ததை அந்தப் புருஷன் வாங்க மறுத்துவிட்டான். அவன் என்னிடம் பேசியதே அந்த ஒரு தடவைதான். வேண்டாங்க என்று ஒரு சொல்.

மாற்றல் உத்தரவு வந்து வண்டியில் சாமான் ஏற்றிய அன்று காலை, பெட்டியின் அடியில் ஒரு கருவாட்டுத் துண்டு கிடந்தது. கணக்குகளுக்கு நடுவே காய்ந்து கட்டையாகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். நாய் பட்டியின் நடுவில் குட்டிகளுக்கிடையே படுத்திருந்தது. கையை நீட்டினேன். அதில் மிளகாய் கிடையாது. அது எனக்குத் தெரியும்.

அது எழுந்து முடியைச் சிலிர்த்துக்கொண்டு வேலி வரை வந்தது. என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக் குரைத்தது. அந்த அம்மாள் குடிசை வாசலில் வந்து நின்று, யார் என்று எட்டிப் பார்த்தாள். நான்தான் என்று தெரிந்ததும் அதை அதட்டவில்லை. வண்டி ஏரிக்கரை திரும்பும் வரை அது குரைத்துக்கொண்டேயிருந்தது.